நாணயத்துக்குச் சான்றிதழ் தேவையா?

பழைய நாணயம் வாங்கி விற்கும் சகோதரர்கள் சிலர், "அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் போட்டெடுத்தால் இலாபமா?" என்று கேட்கின்றனர். வியாபாரக் கணக்காகவே பார்ப்போம்.

அங்கே பீ.சீ.ஜீ.எஸ். நிறுவனம் 1986லும் என்.ஜீ.சீ. 1987லும் இவ்வேலையைத் தொடங்கின. 1 முதல் 70 வரை புள்ளியிட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கப் பெரிய செம்புச் சதங்களுக்கென வகுத்த அளவுகோல் இது.

சேகரிப்போரின் சந்தேகம் நியாயமானதே. தரம் போடுவது மனிதக் கண். 64 கிடைத்த நாணயத்தை உறை உடைத்து மறுபடி அனுப்பி 65 வாங்குவோர் அங்கே உண்டு. அந்த ஒரு புள்ளியால் சில நாணயங்களின் விலை பன்மடங்காகும். கல்லுக்குச் சான்றிதழ் எடுக்கும் நமது பேருவளை மாணிக்க வியாபாரிகளுக்கு இந்தத் தலைவலி விளங்கும்.

அடுத்தது செலவு. 1921ஆம் ஆண்டு மோர்கன் டொலர் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. தேய்ந்த ஒன்றை அனுப்பினால் கட்டணம், தபால், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து இலாபத்தை விழுங்கிவிடும். ஆனால் 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது ஒரு இலட்சம் மட்டுமே. போலி மலிந்த சரக்கு. அதைச் சான்றில்லாமல் வாங்குவது புத்தியல்ல. உறையிலும் போலி உண்டு, அதிலுள்ள இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்க வேண்டும்.

பளபளக்கட்டும் என்று தேய்த்துக் கழுவிய நாணயத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடைக்காது. "கழுவப்பட்டது" என்று எழுதியே அனுப்புவார்கள், கட்டணமும் திரும்பாது. அனுப்புமுன் விளக்கொளியில் சாய்த்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால் அனுப்பாதீர்கள். விற்கும்போது அதை வாங்குபவரிடம் சொல்லியே விற்றுவிடுங்கள்.