பொலித்தீனில் சுற்றாதீர்கள்

மலைநாட்டில் இருந்துகொண்டு பழைய சப்பாத்து பொலிஷ் டின் சேர்க்கிறவர்கள் கொழும்புக்காரர் பேச்சைக் கேட்கவே கூடாது. கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனாலும் விஷயம் சரியானது.

டின் கிடைக்கிற இடம் ரகசியமில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுக்குப் போக, வெள்ளைக்காரத் துரைமார் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன டின்களில் இன்றும் நம் ஆச்சிமார் ஊசி, பொத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். பழைய இரும்புக்காரரிடமும் சொல்லி வையுங்கள். வயதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். ‘சிலோன்’ என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1972 மே 22க்கு முந்தியது. பார்கோடு இருந்தால் தொடவே வேண்டாம். கிவி பொலிஷ் 1906இல் மெல்பர்னில் பிறந்தது. அதை ஆரம்பித்த வில்லியம் ராம்சேயின் மனைவி நியூசிலாந்துக்காரர். மூடியில் அந்தப் பறவை வந்தது அப்படித்தான். செரி புளொசம் லண்டன் சிஸ்விக் சரக்கு.

இனி முக்கியமானது. “ஒவ்வொன்றையும் பொலித்தீனில் சுற்றி வாயை ஒட்டிவிடுங்கள், காற்றுப் படாது” என்று எனக்குச் சொன்னவர் கொழும்பில் பேர்போன சேகரிப்பாளர். அவர் அறையில் ஏசி ஓடுகிறது. எங்கள் மடுல்சீமையில் ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் மழை, மழை விட்டால் மூடுபனி. உங்கள் காம்பராவுக்கும் தகரக் கூரைதானே? பகலில் கூரை சுடும், இரவில் குளிரும். ஒட்டிய பொலித்தீனுக்குள் சிக்கிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் டின்மேலேயே நீராகப் படியும்.

அவர் சொன்னபடி சுற்றி வைத்தவற்றை மாசியில் பிரித்துப் பார்த்தேன். செரி புளொசம் மூடியின் விளிம்பைச் சுற்றித் துரு. நடுவில் சிவப்புச் செரிப் பழங்களுக்கு அடியில் வர்ணம் கொப்புளித்திருந்தது. நகம் பட்டதும் ஒரு பழம் செதிலாக விரலோடு வந்துவிட்டது. அவரிடம் சொன்னால், “நீங்க ஈரத்தோட சுத்தியிருப்பீங்க” என்கிறார்! துடைத்து, வெயிலில் காயவைத்துத்தான் சுற்றினேன். வீட்டில் எல்லோரும் சாட்சி.

இப்போது நான் செய்வது இதுதான். பழைய பருத்திச் சேலைத் துண்டில் தளர்வாகச் சுற்றி, பலகைப் பெட்டியில் போட்டு, அடுப்படிச் சுவரை ஒட்டிய அலுமாரியில் வைக்கிறேன். அந்தச் சுவரில் எப்போதும் கொஞ்சம் சூடு இருக்கும். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக் கூடவே போடுகிறேன். மழை விட்ட வெயில் நாளில் பெட்டியைத் திறந்து வைக்கிறேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பவர்கள் படத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்கள். உள்ளே காய்ந்து கிடக்கிற பொலிஷைச் சுரண்டாதீர்கள். உட்பக்கம் துருப்பிடிக்காமல் காப்பதே அந்த மெழுகுதான்.

“குப்பை பொறுக்குகிறான்” என்று என் மச்சான் இன்னும் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். துரை மாட்டிய சப்பாத்தைத் துலக்கியது வெறுங்காலோடு நின்ற நம் ஆட்கள். கொழும்புச் சேகரிப்பாளர் டின்னுக்குள் விலைச் சீட்டு வைக்கிறார். நீங்கள் எந்தத் தோட்டம், எந்தப் பங்களா, பொலிஷ் போட்டவர் யார் என்று கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடிய ஆச்சிமார் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். இந்த வருடமே போய்க் கேளுங்கள்.