பழுதின் காரணம் காணுமாறு

மதுரைக்கு மேற்கே சமணர்மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கீழக்குயில்குடி. அவ்வூரில் வாழும் என் சிற்றப்பாவிடம் டீசலால் இயங்கும் சிறு சரக்கு வண்டி ஒன்று உண்டு. வைகறையில் மல்லிகைப் பூவை மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் தொழில். மார்கழியில் பூ வரத்து அருகி விலை ஏறியிருக்கும். வண்டி காலந்தாழ்ப்பின் இழப்பும் பெரிதாம்.

சென்ற மார்கழியில் அவ்வண்டிக்குக் கிளட்ச் மாற்றப்பட்டது. மறுநாள் தொடங்கி, செல்ப் முனகி முனகிச் சுற்ற, நெடுநேரங் கழித்தே எஞ்சின் கிளம்பிற்று. "பாட்டரி ஓய்ந்துவிட்டது" என்றனர் கண்டோர். சிற்றப்பா கடன்பட்டுப் புதியது வாங்கினார், குறையோ நீங்கிற்றிலது.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்து. நோய் இன்னதென்று முன்னர்த் தெளிக. அதன் காரணத்தைப் பின்னர் அறிக. தணிக்கும் வழியை அதன்பின் தேடுக என்பது ஆண்டு வள்ளுவர் காட்டும் முறை. யாமோ மூன்றாவதை முதலிற் செய்தோம்.

முதற்கண் நோயை அறிவோம். தாமதமாகக் கிளம்புதல் இருவகைப்படும். எஞ்சின் மெல்லச் சுழல்வது ஒன்று. விரைந்து சுழன்றும் தீப்பற்றாமை மற்றொன்று. முன்னது மின்சாரத்தின் குறையாதல் பெரும்பான்மை. பின்னதில் புகையை நோக்குக. வெண்புகை வரின் எண்ணெய் சேர்ந்தும் எரியவில்லை. ஹீட்டர் பிளக் முதலியவற்றை ஆராய்க. புகையே இல்லையேல் எண்ணெய் சேரவில்லை. பில்டர் மாற்றிய பின்னராயின் குழாயில் ஏர் பிடித்திருத்தல் கூடும். கைப்பம்பை அழுத்தியவுடன் வண்டி கிளம்பின் அவ்வையம் உறுதிப்படும்.

மெல்லச் சுழல்வதனால் எஞ்சின் கிளம்பாமை ஏன்? ரூடல்ப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுற இயக்கிக் காட்டிய இவ்வகை எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை மிக இறுக்குவதால் எழும் வெப்பமே எண்ணெயை எரிக்கின்றது. சுழற்சி மெல்லியதாயின் காற்று கசியும். வெப்பமும் குளிர்ந்த இரும்பிற் கலந்தொழியும். மார்கழிக் குளிர் இக்குறையை மிகுவிக்கும்.

இனிக் காரணத்துக்கு வருவோம். பழுது பார்த்த பின் தோன்றிய குறையாதலின், கை பட்ட இடத்தையே முதலில் நோக்குதல் தகும். கிளட்ச் மாற்றுதற்குக் கியர் பெட்டியை இறக்குதல் வேண்டும். எம் வண்டியில் எர்த் கம்பி அதனோடு பிணைக்கப்பட்டிருந்தது. சோதித்தற்பொருட்டு, பாட்டரியின் எதிர்முனையையும் எஞ்சினின் வெற்றிரும்பையும் வேறொரு தடித்த கம்பியால் இணைத்தோம். செல்ப் விரைந்து சுழன்றது. எஞ்சினும் உடனே கிளம்பிற்று. கீழே குனிந்து பார்த்தால், பழைய கம்பி துருவின்மேல் தளர முடுக்கப்பட்டிருந்தது.

இத்துணைச் சிறிய துருவுக்கு அத்துணை வலியோ எனின், ஓம் என்னும் அறிஞர் 1827-இல் வெளியிட்ட விதி விடை கூறும். செல்ப் 200 ஆம்பியர் இழுக்குங்கால், இணைப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓம் தடையிருப்பினும் 2 வோல்ட் வீணாகும். 12 வோல்ட் பாட்டரிக்கு அஃது ஆறில் ஒரு பங்கு. புதிய பாட்டரியும் இவ்விழப்பை ஈடுசெய்ய வல்லதன்று.

துருவைச் சுரண்டி மறையை இறுக்கினோம்; செலவு ஒன்றுமில்லை. அன்று பூவும் காலத்தே சந்தை சேர்ந்தது. பாட்டரிக் கடனை மட்டும் சிற்றப்பா பங்குனி வரை செலுத்தினார். முறை பிறழ்ந்ததற்கு யாம் தந்த விலை அது.