தீவுப் பயணமும் தங்கும் அறையும்: புறப்படுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆனி மாதம் நெருங்கினால் நமது தோட்டங்களில் நயினாதீவுப் பேச்சு தொடங்கிவிடும். "நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டுட்டு, அப்படியே நெடுந்தீவு, ஊர்காவற்றுறையையும் பார்த்துட்டு வருவோம்" என்று நாலு குடும்பம் சேர்ந்து சீட்டுக் கட்டுவார்கள். வேன் யாருடையது, அரிசி யார் கொண்டுவருவது, பூஜைச் சாமானுக்கு யார் பொறுப்பு என்று எல்லாம் பேசி முடிப்போம். இரவு எங்கே தங்குவது என்று கேட்டால் மட்டும், "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று பதில் வரும்.

ஒரு வருடம் கட்டிய சீட்டுக் காசு வீணாவதும், வயதான அம்மா பஸ் நிலையப் படியில் உட்கார்ந்து வாடுவதும் இந்த ஒரு பதிலால்தான். நமக்குத் தெரிந்த ஒரு குழு திருவிழா நாளொன்றில் விடியற்காலையில் யாழ்ப்பாணம் போய் இறங்கியது. பதினான்கு பேர். ஐந்து இடத்தில் அறை இல்லை என்றார்கள். ஆறாவது இடத்தில் இரண்டு அறை கிடைத்தது. ஆனால் அறைக்குள் போகப் பகல் இரண்டு மணியாகிவிட்டது. மறுநாள் படகேறும்போது பெரியவர்களுக்கு நிற்கவே தெம்பில்லை.

பெரிய ஹோட்டலில் தங்கும் வழியை நாம் இங்கே சொல்லவில்லை. நகரத்தில் உள்ள சாதாரண லொட்ஜில், கொடுக்கிற காசுக்குச் சுத்தமாகவும் நிம்மதியாகவும் இரண்டு இரவு தங்குவது எப்படி என்பதே இந்தப் பாடம். இதற்கான வேலையில் முக்கால்வாசியை லயத்தில் இருந்துகொண்டே முடித்துவிடலாம்.

1. படகைப் பார்த்து அறையை எடுங்கள்

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு புறப்படும் இடம் குறிகட்டுவான் இறங்குதுறை. அது புங்குடுதீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று தாம்போதி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் போக வேண்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் 20 நிமிடம் அளவில் ஆகும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

நயினாதீவுக்குப் பகலில் அடிக்கடி படகு உண்டு. நெடுந்தீவுக்கு அப்படியில்லை. காலையில் போகிற படகைத் தவறவிட்டால் அன்றைய நாளே போய்விடும். பிற்பகலில் திரும்புகிற கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு தீவில்தான். அங்கே தங்குமிடங்கள் மிகக் குறைவு. ஆகவே நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் கடைசிப் படகின் நேரத்தை முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெருக்க மரம், மட்டக்குதிரைகள், பழைய கோட்டை எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

ஊர்காவற்றுறைக்குப் படகு தேவையில்லை. வேலணை வழியாகத் தரைப்பாதையிலேயே போகலாம். எதிரே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அரை நாள் போதும்.

இதனால் தெரிவது என்ன? தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு வசதியான அறை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள அறைதான். விடியற்காலையில் எழுந்து நடந்தே பஸ்ஸுக்குப் போகலாம். ஆஸ்பத்திரி வீதியில் உள்ள போதனா வைத்தியசாலையும் அங்கிருந்து கிட்ட. சுகமில்லாத பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். விலை குறைவென்று நகருக்கு வெளியே அறை எடுத்தால், மிச்சம் பிடித்த காசு ஆட்டோக்காரருக்குப் போய்விடும்.

2. காலத்தைக் கவனியுங்கள்

நயினாதீவுத் திருவிழா ஆனி மாதத்தில் நடந்து பூரணையை ஒட்டி நிறைவு பெறும். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழா அதற்குப் பின் 25 நாட்கள் நடக்கும். இந்த நாட்களிலும், பள்ளி விடுமுறையிலும், போயாவோடு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறையிலும் நகரத்தில் அறை கிடைப்பது கஷ்டம். விலையும் கூடும். திருவிழாவுக்கே போக வேண்டும் என்பவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே அறையைப் பேசி வையுங்கள். தரிசனம் மட்டும் போதும் என்பவர்கள் திருவிழா இல்லாத வாரநாளில் போனால் அம்மனையும் ஆறுதலாகக் கும்பிடலாம்.

காற்றும் ஒரு கணக்கு. வைகாசி தொடக்கம் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். கடல் கொந்தளிக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு மழை வரும். கடல் மோசமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அது நமது உயிருக்காகத்தான். அப்படி நின்றால் ஒரு இரவு கூடத் தங்க வேண்டி வரலாம். அதற்கான காசைத் தனியாக முடிந்து வையுங்கள்.

3. நமக்கு ஏற்ற அறை எது?

நாம் குளிர் நாட்டு மக்கள். யாழ்ப்பாணம் கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கே இரவிலும் வெக்கை இருக்கும். கம்பளியைக் கட்டிச் சுமக்காதீர்கள், மெல்லிய போர்வை போதும். அறையில் ஃபேனும், காற்று வரும் ஜன்னலும் இருக்க வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை பகல் வெயிலை வாங்கி வைத்து இரவெல்லாம் கக்கும். அதைத் தவிர்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்த்தட்டு அறை கேளுங்கள். மலசலகூடம் குந்தும் வகையா, உட்காரும் வகையா என்றும் கேளுங்கள். இதைக் கேட்க வெட்கம் வேண்டாம்.

நுளம்பு வலை இல்லாவிட்டால் நுளம்புச் சுருள் கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய கிணற்றுத் தண்ணீர். சவர்க்காரம் லேசில் நுரைக்காது. குடிக்கக் கொதித்தாறிய தண்ணீரோ போத்தல் தண்ணீரோதான் நல்லது. தீவுகளில் நல்ல தண்ணீர் அங்குள்ள மக்களுக்கே அரிது. ஆகவே நகரத்திலேயே போத்தலை நிரப்பிக்கொண்டு படகேறுங்கள்.

4. டெலிபோனில் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

படித்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொப்பியில் எழுதியபடி கேளுங்கள்.

ஒன்று: "ஒரு ரூமுக்கு எவ்வளவு? ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கா, ரூமுக்கா?"
இரண்டு: "ஒரு ரூமில் எத்தனை பேர் தங்கலாம்? சின்னப் பிள்ளைக்குத் தனிக் காசு உண்டா?"
மூன்று: "உங்கள் நாள் எத்தனை மணிக்குத் தொடங்குது? நாங்க விடியக்காலம் வந்தா உள்ளே விடுவீங்களா? அதுக்குத் தனிக் காசா?"
நான்கு: "பாத்ரூம் ரூமுக்குள்ளேயா, வெளியே பொதுவா?"
ஐந்து: "சமைக்கலாமா? வெளிச் சாப்பாடு கொண்டு வரலாமா?"
ஆறு: "சேவைக் கட்டணம், வரி ஏதும் பில்லில் சேருமா?"
ஏழு: "வேன் நிறுத்த இடம் இருக்கா? டிரைவர் எங்கே படுப்பார்?"
எட்டு: "முற்பணம் எவ்வளவு? வர முடியாமப் போனா திருப்பித் தருவீங்களா?"

பதில் சொன்னவரின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். முழுக் காசையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். கட்டிய முற்பணத்துக்குத் துண்டு வாங்குங்கள், அல்லது கைத்தொலைபேசியில் வரும் செய்தியை அழிக்காமல் வையுங்கள். கோவிலுக்குப் பக்கத்து விடுதிகள் சிலவற்றில் மச்சமும் மதுவும் கொண்டு வர விடமாட்டார்கள். அதை முதலே தெரிந்துகொண்டால் சண்டை இல்லை.

5. மூன்றாவது கேள்வியின் விலை

எட்டுக் கேள்வியில் நமது ஆட்கள் அதிகம் மறப்பது மூன்றாவதைத்தான். கண்டியிலிருந்து ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் சுமார் 320 கிலோமீட்டர். இரவில் புறப்பட்டால் விடியற்காலையில் போய்ச் சேருவோம். ஆனால் பல லொட்ஜுகளில் நாள் தொடங்குவது நண்பகலிலோ அதற்குப் பிறகோதான். விடியற்காலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் முதல் நாளுக்கும் சேர்த்துக் காசு கேட்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறைக்கு ஒரு நாளைக்கு 4,000 ரூபா என்று வைப்போம். இரண்டு இரவுக்கு 8,000 ரூபா. விடியற்காலை நுழைவுக்கு இன்னொரு நாள் சேர்ந்தால் 12,000 ரூபா. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் 8,000 ரூபா என்பது ஆறு நாள் வேலை. 12,000 ரூபா என்பது ஒன்பது நாள் வேலை. ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு மூன்று நாள் கொழுந்து! உங்கள் செக்ரோல் சம்பளத்தை வைத்து இதே மாதிரி நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இதற்கு வழி உண்டு. விடியற்காலையில் போய்ச் சேர்ந்தால், பைகளை லொட்ஜில் வைத்து, முகம் கழுவ மட்டும் இடம் தரும்படி முன்பே பேசி வைக்கலாம். பிறகு நல்லூருக்குப் போய்க் கும்பிட்டு, சாப்பிட்டு, பகலில் அறைக்குள் போகலாம். பெரியவர்களும் கைப்பிள்ளைகளும் இருந்தால், பகலில் பயணம் செய்து மாலையில் போய்ச் சேருவதே நல்லது.

6. பெயரைக் கொடுக்கப் பயப்பட வேண்டாம்

லொட்ஜில் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் பதிவார்கள். நமது பெரியவர்கள் சிலருக்கு இன்னமும் இது பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக இருந்தவர்கள் நாம். யுத்த காலத்தில் லொட்ஜில் தங்கினாலே விசாரணை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூறு பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவு போட்டது.

இந்த வரலாற்றைப் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நமது மக்களில் எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. காசு கொடுத்து அறை எடுப்பவர் யாராக இருந்தாலும் விருந்தினர்தான். அட்டையைக் காட்டுங்கள், இலக்கத்தை எழுதட்டும், அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அடகு மாதிரி வைத்துவிட்டு வர வேண்டாம். "எங்கேயிருந்து வாறீங்க?" என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைத் தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

7. அறைக்குப் போனதும்

சாவி வாங்குமுன் அறையைக் காட்டச் சொல்லுங்கள். ஃபேன் சுழலுதா, குழாயில் தண்ணீர் வருதா, உள்தாழ்ப்பாள் விழுதா, படுக்கை விரிப்பு துவைத்ததா என்று பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே பணிவாகச் சொல்லி வேறு அறை கேளுங்கள். பெண்களும் குமர்ப் பிள்ளைகளும் தங்கும் அறைகளை ஒன்றுக்கொன்று பக்கத்தில் எடுங்கள். நகை, காசு எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்காதீர்கள். நாலு பேர் அறையில் பத்துப் பேர் நுழைவது நமக்கும் மரியாதை இல்லை, அடுத்து வரும் தோட்டத்து ஆட்களுக்கும் கெட்ட பெயர். போகும்போது பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

படகுக்குப் போகும் காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். உயிர்காப்பு அங்கி தந்தால் கட்டாயம் போடுங்கள், பிள்ளைகளுக்கும் போட்டுவிடுங்கள். நாகபூஷணி அம்மன் கோவிலில் மதிய அன்னதானம் உண்டு. நெடுந்தீவில் நிழல் குறைவு, ஆகவே குடையும் இரண்டு பொட்டலம் ஜீவனியும் பையில் இருக்கட்டும். யாருக்காவது திடீரென்று சுகமில்லாமல் போனால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பொலிஸுக்கு 119.

செய்து பாருங்கள்

இந்த மாதம் மாதர் சங்கக் கூட்டத்திலோ வாசிகசாலையிலோ இவற்றைப் பேசிப் பாருங்கள்:

அ. உங்கள் குழுவில் மாடிப்படி ஏற முடியாதவர்கள் எத்தனை பேர்?
ஆ. இரண்டு இரவுக்கான அறைக் காசு உங்கள் சம்பளத்தில் எத்தனை நாள் வேலை?
இ. படகு ஒரு நாள் நின்றால் கைக்காசு போதுமா?
ஈ. எட்டுக் கேள்விகளையும் டெலிபோனில் கேட்கப் போகிறவர் யார்? அவர் இன்றே ஒரு தடவை சத்தமாகக் கேட்டுப் பழகட்டும்.

நமது முன்னோர் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். இரவில் எங்கே படுப்பது என்பதை அவர்களுக்காக வேறு யாரோ தீர்மானித்தார்கள். இன்று நமது உழைப்பின் காசில், நமது விருப்பத்துக்குப் போகிறோம். எங்கே தங்குவது, எவ்வளவு கொடுப்பது என்பதை நாமே கேட்டு, நாமே தீர்மானித்துவிட்டுப் புறப்படுவோம்.