கரிசல்காட்டு நாக்கும் மலையாற்றுத் தண்ணீரும்

குருவிகுளத்துப் பக்கம் பிறந்தவர்களுக்குத் தண்ணீரைத் தரம் பிரிக்கக் கற்றுக்கொடுப்பது நாக்குதான். கரிசல் மண்ணில் கிணறு வெட்டினாலும் போர் போட்டாலும் பெரும்பாலும் உப்புத்தான் ஊறும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதனால் ஒரு வாய் குடித்துப் பார்த்து, உப்பில்லை என்றால் குடிக்க, உப்பென்றால் புழங்க என்று பிரித்துவிடுவோம். வீட்டோடு இருக்கும்வரை இந்தக் கணக்கு ஓரளவு ஒப்பேறும். ஆடி அமாவாசைக்குக் காரையாற்றில் குடில் போட்டுத் தங்கும்போதும், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும்போதும், சதுரகிரி ஏறும்போதும் இதே கணக்குதான் நம்மைப் படுக்க வைக்கிறது.

காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலை ஒட்டித் தாமிரபரணி ஓடும் அழகைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். துளி உப்பு இருக்காது. எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பெரியம்மா கேட்பார்: "ஏந்தாயி, அகத்தியர் மலையிலருந்து வார மூலிகைத் தண்ணி. இதப் போயி காய்ச்சணுமா?" "மலையிலருந்து நல்லாத்தான் வருது பெரியம்மா. நமக்கு மேல குடில் போட்டிருக்கவங்களத் தாண்டித்தான நம்ம கிட்ட வருது" என்பேன். திருவிழா நாட்களில் அந்தக் கரையில் கூடும் கூட்டம் அத்தனையும் அதே ஆற்றில்தான் குளிக்கிறது, துணி துவைக்கிறது, வெட்டிய கிடாயைக் கழுவுகிறது. காலைக்கடனுக்குக் கரையோரப் புதருக்குள் ஒதுங்குகிறவர்களும் உண்டு. பேதியைக் கொண்டுவரும் கிருமிக்கு ருசியும் கிடையாது, நிறமும் கிடையாது.

லண்டனில் 1854இல் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவியபோது, தூரத்தில் ஹாம்ஸ்டெட் பகுதியில் குடியிருந்த ஒரு விதவை அம்மாளும் அதே காலராவில் இறந்துபோனார். மருத்துவர் ஜான் ஸ்னோ விசாரித்ததில் காரணம் தெரிந்தது. பிராட் தெரு அடிபம்புத் தண்ணீரின் ருசி அவருக்குப் பிடிக்கும் என்று, அந்தத் தெருவில் தொழிற்சாலை வைத்திருந்த மகன்கள் அதை வண்டியில் அனுப்பிவந்திருக்கிறார்கள். ருசியான தண்ணீர் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாளின் நினைவு வரும்.

நம் ஊர்ப்பக்கத்து ஆழமான போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பாக இருந்தாலும், கிருமி விஷயத்தில் பல சமயம் திறந்த ஓடையைவிட மேல். பாதயாத்திரையில் ஊருணியும் அடிபம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நான் அடிபம்புக்குத்தான் போவேன். அதிலும் சுற்றியுள்ள சிமென்ட் மேடை வெடித்துச் சாக்கடை தேங்கி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிடிப்பேன். நிலத்தடி நீரில் கலந்திருக்கும் உப்பும் ஃபுளோரைடும் கேடு செய்வது வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்கு. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதைக் கவனிக்க வேண்டிய இடம் தினமும் குடிக்கும் வீட்டுத் தண்ணீர். நடைபயணத்தின் இரண்டு நாளில் உப்புத் தண்ணீர் குடித்தால் தாகம் சரியாகத் தீராது, அவ்வளவுதான். கிருமி ஒரே ராத்திரியில் ஆளைச் சாய்த்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதற்குப் பயணத்தில் வைத்தியமே கிடையாது. பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்தடித்த காட்டிலிருந்து வடிந்துவரும் ஓடைத் தண்ணீரைக் காய்ச்சினாலும் மருந்து போகாது. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றும், உள்ளே கரைந்திருப்பது அப்படியே நிற்கும். குளோரின் மாத்திரையும் அதை ஒன்றும் செய்யாது. அந்தத் தண்ணீரைத் தொடாமல் அடுத்த ஊர்வரை நடப்பதுதான் வழி. பூச்சிமருந்து வந்த டப்பாவை எத்தனை முறை கழுவியிருந்தாலும் அதில் குடிதண்ணீர் கொண்டுவரவே கூடாது. இதை மட்டும் எங்கள் கூட்டத்தில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதல் வேலை அதைத் தெளிய வைப்பது. நம் பாட்டிமார் குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். மண் அடியில் படிந்துவிடும். அது நல்ல முறைதான், ஆனால் அதோடு வேலை முடியவில்லை. தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும். தெளிந்ததை மேலாக எடுத்து, துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்திச் சேலையை நாலாக மடித்து வடிகட்டுங்கள். பழைய சேலைதான் வேண்டும், ஏனென்றால் நூல் பஞ்சு விட்டுக் கண்கள் சுருங்கியிருக்கும். வங்கதேசத்தின் மத்லப் கிராமங்களில் ரீட்டா கால்வெல் குழுவினர் இப்படி வடிகட்டச் சொல்லிக் கொடுத்ததில் காலரா ஏறக்குறையப் பாதியாக, 48 சதவீதம், குறைந்ததாக 2003இல் எழுதினார்கள். காலராக் கிருமி ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் சேலையில் சிக்கிவிடுகின்றன. நரம்புச்சிலந்தி நோயை இந்தியா ஒழித்ததிலும் துணி வடிகட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. கடைசி நோயாளி 1996இல் கண்டறியப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. இத்தனை பெருமை இருந்தாலும் தனித்தனியாக மிதக்கும் கிருமி சேலைக்குள் புகுந்து போய்விடும். அதனால் வடிகட்டியபின் காய்ச்ச வேண்டும்.

காய்ச்சுவது என்றால் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைகளில் மூன்று நிமிடம். காரையாற்றுக்கும் சதுரகிரிக்கும் ஒரு நிமிடம் போதும். விறகையும் எரிவாயுவையும் வீணாக்கி அரைமணி நேரம் கொதிக்கவிட வேண்டாம். ராத்திரிச் சமையல் முடிந்த அடுப்பிலேயே அண்டாவை ஏற்றிக் கொதித்ததும் இறக்கி, மூடியைத் திறக்காமல் அதே பாத்திரத்தில் ஆறவிட்டால் விடிந்ததும் குடிக்கலாம். சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரை ஊற்றுவதுதான் பெரும்பாலான குடில்களில் நடக்கிறது. வழியில் சாப்பிடும் கடைகளிலும் இதைக் கவனியுங்கள். சுடுதண்ணீர் கேட்டால் பாதி ஜக் வெந்நீரும் பாதி பச்சைத் தண்ணீருமாகக் கைச்சூட்டில் வரும். கை வைத்தால் சுட வேண்டும், இல்லாவிட்டால் நான் குடிப்பதில்லை.

அடுப்புக்கு வழியில்லாத இடத்துக்குத்தான் குளோரின் மாத்திரை. மருந்துக்கடையில் கிடைக்கும். ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கும். 20 லிட்டருக்கானதை ஒரு பாட்டிலில் போட்டுவிடாதீர்கள். போட்டபின் அரைமணி நேரம் பொறுங்கள். அப்போது முகர்ந்தால் லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லை என்றால் தண்ணீரில் இருந்த அழுக்கே மருந்தைத் தின்றுவிட்டது என்று பொருள். இன்னொரு முறை போட்டு, மறுபடி அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். குளோரினுக்கு மசியாத கிருமியும் உண்டு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993இல் சுமார் 4 லட்சம் பேரைப் பேதியில் தள்ளிய கிரிப்டோஸ்போரிடியம், சுத்திகரிப்பு நிலையத்தின் குளோரினைத் தாண்டி வந்தது. கொதிக்க வைத்தால் அது செத்துவிடும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவர்களுக்கும் காய்ச்சிய தண்ணீர்தான் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

தெளிந்த தண்ணீரைக் கண்ணாடிபோன்ற பெட் பாட்டிலில் ஊற்றி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவைத்தாலும் கிருமி சாகும். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள் வேண்டும். குருவிகுளத்து வெயிலுக்குப் பொருத்தமான முறை. காரையாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் அங்கே பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது. மரநிழலில் இது நடக்கவும் நடக்காது. செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தால் பேதிக் கிருமிகள் சாவதை பெங்களூரு ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். தங்கும் இடத்துக்குச் சரி, நடக்கிறவர்களுக்கு ஆகாது.

இவ்வளவும் செய்து சுத்தமாக்கிய தண்ணீரைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கைதான். குடத்துக்குள் டம்ளரோடு கையையும் விடுவது, ஆற்றுத் தண்ணீரில் அலசிய டம்ளரில் அப்படியே ஊற்றிக் குடிப்பது. குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்றைக் கூட்டாகப் பணம் போட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் நீளக் கைப்பிடி உள்ள அகப்பை ஒன்றை அதற்கென்றே வையுங்கள். பல் துலக்கவும், மோர் கரைக்கவும், சட்னி அரைக்கவும் அதே காய்ச்சிய தண்ணீர்தான்.

யாருக்காவது வயிறு போக ஆரம்பித்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாக்கெட் இல்லை என்றால் லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தைக்குக் கண் குழிந்தாலோ, சிறுநீர் போவது நின்றாலோ, மலத்தில் ரத்தம் பட்டாலோ காரையாற்றில் என்றால் கோயில் மருத்துவ முகாமுக்கு உடனே தூக்குங்கள். அவர்கள் சொன்னால் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். விடியட்டும் என்று குடிலில் காத்திருக்க வேண்டாம். வழியிலுள்ள வனச் சோதனைச்சாவடியில் நோயாளி என்று சொன்னால் வழி விடுவார்கள்.