சந்தோசமா, சம்பளமா?

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு என் மாமாவும் மாமியும் அமெரிக்காவுக்குப் போய் வந்தார்கள். டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் படித்த மகளின் பட்டமளிப்புக்காகப் போன பயணம் அது. திரும்பி வந்ததும் விண்வெளி ஆய்வு நிலையத்தைப் பற்றியும் அகலமான வீதிகளைப் பற்றியும் கேட்கலாம் என்று நாங்கள் காத்திருந்தோம். மாமாவோ ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மகளுக்கு அன்று பல்கலைக்கழகத்தில் வேலை. மாமாவும் மாமியும் மட்டும் ஒரு ஹலால் உணவகத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மகளுக்கும் ஒரு பார்சல் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டின் விலை 60 டொலர். அந்த நகரின் விற்பனை வரி 8.25 வீதம், அது 4 டொலர் 95 சதம். ஆக மொத்தம் 64 டொலர் 95 சதம். மாமா 65 டொலரை வைத்து, "மீதியை வைத்துக்கொள்ளுங்கள்" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு எழுந்தார். மீதி ஐந்து சதம்! வாசல் வரை வந்த பிறகு அந்தப் பணிப்பெண் பின்னாலேயே வந்து, "சேர், நான் பரிமாறியதில் ஏதாவது குறை இருந்ததா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லை மகள், எல்லாம் நல்லாத்தான் இருந்தது" என்று மாமா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெண்ணும் ஒரு சிரிப்போடு உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு மகள் கணக்கைச் சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வியின் பொருள் மாமாவுக்கு விளங்கியது. "நித்திரையே வரல்ல" என்றார். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதப் போகிறேன். வணிகப் பிரிவு மாணவி என்பதால் இலக்கங்கள் சற்றுக் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐக்கிய அமெரிக்காவில் மத்திய சட்டப்படி ஒரு மணித்தியாலத்துக்கான ஆகக் குறைந்த கூலி 7 டொலர் 25 சதம். 2009ஆம் ஆண்டிலிருந்து இது மாறவில்லை. ஆனால் உணவகப் பணியாளர் போல வாடிக்கையாளர் கையால் டிப்ஸ் பெறும் ஒருவருக்கு முதலாளி தன் பணத்திலிருந்து 2 டொலர் 13 சதம் கொடுத்தால் போதும். மிகுதி 5 டொலர் 12 சதத்தை வாடிக்கையாளர்கள் தரும் டிப்ஸ் நிரப்பும் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. மாதத்துக்கு 30 டொலருக்கு மேல் வழமையாக டிப்ஸ் கிடைத்தாலே ஒருவரை இந்த வகையில் சேர்த்துவிடலாம். டிப்ஸ் போதாமல் போனால் குறையும் தொகையை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சொல்வது சரி. ஆனால் மாதக் கடைசியில் வாடகை கட்ட வேண்டிய ஒரு பெண், தன்னை வேலையை விட்டு நிறுத்தக்கூடிய முதலாளியிடம் போய் "எனக்கு இவ்வளவு குறைகிறது" என்று கேட்பது எவ்வளவு இலேசான காரியம் என்று நாம் யோசித்துப் பார்க்கலாம்.

இந்த 2 டொலர் 13 சதம் எங்கிருந்து வந்தது? 1991இல் ஆகக் குறைந்த கூலி 4 டொலர் 25 சதமாக இருந்தது. டிப்ஸ் பெறுவோருக்கு அதில் பாதி என்பது அன்றைய விதி. பாதியை வகுத்துப் பாருங்கள், சரியாக வரும். 1996இல் பொதுக் கூலியை உயர்த்தச் சட்டம் கொண்டுவந்தபோது, அந்தப் பாதி விதியை எடுத்துவிட்டு 2.13ஐ அப்படியே நிறுத்திவிட்டார்கள். 30 வருடங்களுக்கு மேலாக அந்த எண் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், நெவாடா போன்ற சில மாநிலங்கள் இந்தக் கழிவை அனுமதிப்பதில்லை. அங்கே பணியாளருக்கு முழுக் கூலியையும் முதலாளியே கொடுக்க வேண்டும். டெக்ஸாஸ் அப்படியான மாநிலம் அல்ல.

ஆகவே மாமா வைத்துவிட்டு வந்த ஐந்து சதம், அந்த மேசையைப் பொறுத்தவரை அந்தப் பெண்ணின் கூலி. 60 டொலர் சாப்பாட்டுக்கு அங்கே சாதாரணமாக 15 முதல் 20 வீதம் வரை கொடுப்பார்கள். 18 வீதம் என்று வைத்தால் 10 டொலர் 80 சதம். அதைக் கொடுக்காமல் எழுந்து போவது, அந்த ஊர் வழக்கில் "உன் வேலை எனக்குப் பிடிக்கவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அதனால்தான் அந்தப் பெண் அப்படிக் கேட்டார்.

இந்த வழக்கம் அமெரிக்காவில் பிறந்ததல்ல என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் விருந்தாளியாகத் தங்குபவர்கள் புறப்படும்போது வேலையாட்களுக்குக் காசு கொடுப்பது பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு உல்லாசப் பயணம் போய்வந்த அமெரிக்கச் செல்வந்தர்கள் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். "எல்லோரும் சமம் என்று சொல்லும் நாட்டில் ஒருவர் இன்னொருவரிடம் கையேந்துவதா?" என்று அங்கே பலத்த எதிர்ப்பு எழுந்தது. 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸ் கொடுப்பதையே சட்டத்தால் தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926 அளவில் அந்தச் சட்டங்கள் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன.

எதிர்ப்பையும் மீறி வழக்கம் நிலைத்ததற்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டபோது, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு வேலை தேவைப்பட்டது. முதலாளிகளுக்கோ கூலி கொடுக்க மனமில்லை. புல்மன் கம்பனி இதற்கு நல்ல உதாரணம். படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளை நடத்திய இந்தக் கம்பனி, பெட்டிப் பணியாளர்களாகக் கறுப்பின ஆண்களையே சேர்த்தது. சம்பளம் சொற்பம். மிகுதியைப் பயணிகளின் கைகளிலிருந்து அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். பயணிகள் அவர்களின் சொந்தப் பெயரைக்கூடக் கேட்பதில்லை. கம்பனி முதலாளி ஜோர்ஜ் புல்மனின் பெயரால் எல்லோரையுமே "ஜோர்ஜ்" என்று கூப்பிட்டார்கள். இதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஐந்து டொலர் கிடைத்தாலும் தன் பெயர் இல்லாமல் வாங்கும் காசு என்ன காசு? 1925இல் ஏ. பிலிப் ராண்டொல்ஃப் தலைமையில் அவர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். கம்பனியோடு ஒப்பந்தம் செய்ய 1937 வரை போராட வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த வருடம், 1938இல், நாடு முழுவதற்குமான ஆகக் குறைந்த கூலிச் சட்டம் வந்தது. அதிலும் உணவகங்களும் ஹோட்டல்களும் சேர்க்கப்படவில்லை. அவை 1966இல்தான் உள்ளே வந்தன. வரும்போதே டிப்ஸைக் கூலியில் கழிக்கும் விதியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தன.

இனி, எங்கள் வீடுகளிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கவோ பிள்ளைகளைப் பார்க்கவோ போகிறவர்களுக்காக மகளிடமிருந்து மாமா கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன். மேசையில் உட்கார்ந்து பரிமாறப்பட்டால் வரிக்கு முந்திய தொகையில் 15 முதல் 20 வீதம். கார்டில் செலுத்தினால் பற்றுச்சீட்டில் டிப்ஸ் எழுத ஒரு கோடும் மொத்தம் எழுத ஒரு கோடும் இருக்கும். நாமே கூட்டி எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆறு பேர், எட்டுப் பேர் என்று கூட்டமாகப் போனால் சில இடங்களில் சேவைக் கட்டணத்தைத் தாங்களாகவே பில்லில் சேர்த்துவிடுவார்கள். பார்க்காமல் இரண்டு தடவை கொடுத்துவிடக் கூடாது. கவுண்டரில் நின்று நாமே எடுத்துக்கொண்டு வரும் கடைகளிலும் இப்போது திரையில் 18, 20, 25 என்று தெரியும். அங்கே "இல்லை" என்று தொட்டால் யாரும் பின்னால் ஓடி வரமாட்டார்கள். டாக்சிக்கும் 15 வீதமளவில் கொடுப்பது வழக்கம். ஹோட்டலில் பையைத் தூக்கி வருபவருக்குப் பைக்கு ஓரிரு டொலர்.

அறையைச் சுத்தம் செய்பவரைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். அவர் நம் கண்ணில் படுவதே இல்லை. நாம் வெளியே போயிருக்கும்போது வந்து, நாம் வருவதற்குள் போய்விடுவார். புறப்படும் நாளில் மொத்தமாக வைத்தால், அத்தனை நாளும் விரிப்பு மாற்றியவர் ஒருவராகவும் காசை எடுப்பவர் இன்னொருவராகவும் இருக்கலாம். ஆகவே தினமும் காலையில் சில டொலரை ஒரு சிறு குறிப்போடு வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். குறிப்பு இல்லாவிட்டால் மறந்துவிட்டுப் போன காசு என்று நினைத்து அவர்கள் தொடமாட்டார்கள்.

இதே பழக்கத்தோடு யப்பானுக்குப் போனால் நிலைமை தலைகீழ். மேசையில் காசை வைத்துவிட்டு எழுந்தால், "நீங்கள் மறந்துவிட்டீர்கள்" என்று பின்னால் ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள். நல்ல சேவை என்பது விலைக்குள்ளேயே அடங்கிய கடமை, அதற்கு மேலே கொடுப்பது சங்கடம் என்பது அவர்களின் எண்ணம். பழைய பாணி விடுதிகளில் மட்டும் விசேட உபசரிப்புக்காக ஒரு தொகையைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதையும் வெறுங்கையால் நீட்டக் கூடாது, உறையில் இட்டே கொடுக்க வேண்டும். பிரான்சில் விலைப்பட்டியலில் உள்ள விலைக்குள்ளேயே சேவைக் கட்டணம் அடங்கிவிடும். பிடித்திருந்தால் சில்லறையை விட்டுவிட்டு வரலாம். பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் முதல், வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ் முழுவதையும் முதலாளி பணியாளர்களுக்கே கொடுக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சொற்களையும் கொஞ்சம் பார்த்தேன். பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் டிப்ஸுக்கு உள்ள சொற்களின் நேர்ப்பொருள் "குடிக்கக் காசு". ரஷ்யர்கள் நம்மைப் போல: அவர்களுடைய சொல்லில் இருப்பது தேநீர். துருக்கியிலும் எகிப்திலும் கேட்கும் "பக்ஷீஷ்" பாரசீகத்திலிருந்து வந்தது, கொடை என்று பொருள். எங்கள் ஊரிலோ "டீ குடிக்க வெச்சிக்கோங்க" என்று சொல்லிக் கொடுப்போம், அல்லது "சந்தோசம்" என்போம். கொடுப்பவரும் வாங்குபவரும் சந்தோசப்படுவதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம். ஆனால் அதே சொல்லைத்தான் ஃபைலை நகர்த்துவதற்காக மேசைக்கடியில் கொடுக்கும் காசுக்கும் நாம் பயன்படுத்துகிறோம். எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த இரண்டையும் கலக்கக் கூடாது. சீருடை அணிந்த அதிகாரி எவ்வளவு உதவி செய்தாலும் அவரிடம் காசை நீட்டுவது டிப்ஸ் அல்ல, இலஞ்சம். ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் தனக்குக் கிடைத்ததை அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டித்தது நாம் படித்த வரலாறுதான்.

நமது மார்க்கத்தில் ஒருவருக்குப் போய்ச் சேரும் பணத்துக்குத் தெளிவான பெயர்கள் இருக்கின்றன. இல்லாதவருக்கு அல்லாஹ்வுக்காகக் கொடுப்பது ஸதகா. அன்பினால் கொடுப்பது ஹதியா. வேலைக்குரியது கூலி. உம்ராவுக்குப் போகிறவர்கள் அங்கே துப்புரவு வேலை செய்பவரின் கையில் ஒரு ரியாலை வைத்துவிட்டு வருவது ஸதகா. கொடுக்காவிட்டால் அவர் யாரிடமும் காரணம் கேட்கப் போவதில்லை. யப்பான் விடுதியின் உறை ஹதியா. ஹூஸ்டன் உணவகத்தில் மேசையில் வைப்பது எது? பெயர் ஹதியா, உள்ளே இருப்பது கூலி. ஹதியாவைக் கொடுக்காமல் விடலாம். கூலியைப் பிந்திக் கொடுப்பதே தவறு என்று படித்தவர்கள் நாம்.

என் வாப்பா இதை ஏற்றுக்கொள்ளவில்லை. "அது முதலாளி கொடுக்க வேண்டிய கூலி. நாமே கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தச் சட்டம் எப்போது மாறும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு வாரம் சுற்றிப் பார்க்கப் போன ஒருவர் கொடுக்காமல் வருவதால் அமெரிக்காவின் சட்டம் மாறப்போவதில்லை. அன்று மாலை அந்தப் பெண்ணின் கைக்குப் போகும் காசுதான் குறையும். சட்டத்தோடு நமக்குள்ள சண்டையை அவருடைய சம்பளத்தில் நடத்தக் கூடாது என்பது என் எண்ணம். வாப்பா இன்னும் தலையாட்டவில்லை.

மாமா இரண்டு நாள் கழித்து அதே உணவகத்துக்கு மறுபடியும் போயிருக்கிறார். அந்தப் பெண் அன்று வேலையில் இல்லை. வேறொருவரிடம் 12 டொலரைக் கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு வந்தார். சேர்ந்ததோ இல்லையோ, அல்லாஹ் அறிவான்.

போன மாதம் மாமா எங்களைக் கண்டியில் ஒரு ரெஸ்டூரண்டுக்குக் கூட்டிப்போனார். பில்லின் அடியில் வழக்கம்போலச் சேவைக் கட்டணம் 10 வீதம் என்று இருந்தது. முன்பெல்லாம் அந்த வரியை அவர் பார்ப்பதே இல்லை. அன்று பரிமாறிய பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் பத்து வீதம் உங்களுக்கு வருமா?" என்று கேட்டார். அந்தப் பையன் பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை காசாளர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் வரும் சேர்" என்றான்.

மாமா பில்லுக்குரிய பணத்தைத் தட்டில் வைத்தார். அவனுடைய பெயரைக் கேட்டார். சொன்னான். இன்னொரு தாளை மடித்து அவன் கையிலேயே கொடுத்தார்.