காய்ச்சலுக்கு எந்த ராகம்?

மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தைக்குப் பாட்டு வலியையும் பயத்தையும் தணிக்கும், நோயைத் தீர்க்காது. கைபேசிகளில் ஓயாமல் சுற்றிவரும் ராகப் பட்டியல் இதை ஒப்புக்கொள்வதில்லை. தூக்கத்துக்கு நீலாம்பரி, இரத்த அழுத்தத்துக்கு ஆனந்தபைரவி என்று தொடங்கி, உறுப்புக்கு ஒரு ராகம் ஒதுக்கிவிடுகிறது. எந்த வயதுக்கு, எவ்வளவு நேரம், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கும்போது? ஒன்றும் இராது. இருமல் மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டுகூட இதைவிட விவரமாகப் பேசும்.

இப்பட்டியலுக்கு மேல்நாட்டுப் பங்காளி, மொசார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு கூடும் என்னும் ‘மொசார்ட் விளைவு’. அதற்கு அடிப்படையாக 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். குழந்தை ஒன்றுகூட இல்லை. ஒருவகைப் புதிரில் தெரிந்த முன்னேற்றமும் கால்மணி நேரத்தில் மறைந்தது. அதை நம்பி ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர் 1998இல், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார்.

உண்மையில் சோதித்துப் பார்த்தவை அடக்கமாகவே பேசுகின்றன. 2013இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு, 11 மருத்துவமனைகளில் குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளைக் கவனித்தது. பெற்றோர் விரும்பிய தாலாட்டை நேரில், குழந்தையின் மூச்சுக்கு ஏற்ப வேகம் தணித்துப் பாடியபோது இதயத் துடிப்பு நிதானப்பட்டது; பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. 25 ஆய்வுகளைத் திரட்டிய 2023ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்விலும் துடிப்பு தணிந்தது தெரிகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் கூடவில்லை. மருந்தைக் குறைக்க இதில் எங்கே இடம்?

பலன் கண்கூடாகத் தெரிவது ஊசி போடும் நேரத்தில். ட்ரிப் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். மடியில் இருக்கும் நான்கு வயதுப் பிள்ளை உடம்பை முறுக்குகிறது. தெரிந்த பாட்டை அப்பா பாதியில் நிறுத்தினால், அடுத்த சொல்லைப் பிள்ளையே எடுத்துக் கொடுக்கும். அந்த நொடியில் கை தளரும். கனடாவின் எட்மன்டனில் 3 முதல் 11 வயது வரையுள்ள 42 பிள்ளைகளிடம் நடந்த சோதனையில், இசை கேட்டவர்களுக்கு ஊசியால் வலி கூடவில்லை, கேட்காதவர்களுக்குக் கூடியது.

குரல் நன்றாக இருந்தால்தான் பாடலாம் என்பது வெறும் கூச்சம். கருவிலேயே கேட்டுப் பழகிய குரலுக்குக் குழந்தை மதிப்பெண் போடுவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வாயே திறக்கக்கூடாது என்பதும் தவறு. ஆனால் தாய் பாட வேண்டுமானால் முதலில் உள்ளே விட வேண்டும். பார்வை நேரம் முடிந்தது என்று கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே ஸ்பீக்கர் மாட்டுவது என்ன வைத்தியம்?

பாட்டுப் போடக் கைபேசியை இன்குபேட்டருக்குள் வைப்பதுதான் மிக ஆபத்தானது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை அறைக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1997இல் சொன்ன வரம்பு 45 டெசிபல். அலாரமும் இன்குபேட்டர் கதவை அறைந்து மூடும் ஓசையும் அதை ஏற்கெனவே தாண்டிவிடுகின்றன. பாட்டு மெல்லியதாக, சில நிமிடங்களே இருக்க வேண்டும். குழந்தை முகம் சுளித்தாலோ விரல்களை விரித்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.