இளையோர்-முதியோர் நட்புத் திட்டம்: பயனை அளப்பது எங்ஙனம்?

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். முதிய நெசவாளர்கள் இளைஞர்களுக்குத் தறிவேலை கற்பிக்கவும், இளைஞர்கள் அவர்களுக்கு வங்கிக் கணக்கும் கைப்பேசியும் பழக்கவும் அங்கு ஏற்பாடு செய்திருந்தனர். பொது நல நிதியிலிருந்து பணமும் செலவாகியிருந்தது. "பயன் யாது?" என்று வினவினோம். செயலாளர் வருகைப் பதிவேட்டைக் காட்டினார். வந்தவர் எத்தனை பேர் என்பது அதில் இருந்தது. வந்ததனால் என்ன மாறிற்று என்பது இல்லை. மறு ஆண்டு நிதி கேட்டபோது, ஆதாரம் இல்லையென்று நிர்வாகக் குழு கைவிட்டது. நல்ல முயற்சியொன்று கணக்கின்மையால் நின்றது.

இஃது சிறிய இழப்பன்று. நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சம், 2019-20இல் 35.22 லட்சம். முதியவரின் கைத்திறன் இளையவர் கைக்கு மாறாவிடில், அவரோடு அதுவும் மறையும். நம் மாவட்டத்துக்கு இத்தகைய பணி புதிதன்று. 1947இல் தோன்றிய காந்திகிராமத்தில் மாணவர் கிராமங்களில் தங்கித் தொண்டு புரிவது கல்வியின் ஓர் அங்கம். தொண்டு செய்யக் கற்றோம். அதனை அளக்கவும் கற்போமாக.

1. தொடக்க இருப்பு. தொடக்க இருப்பு எழுதாத பேரேட்டில் இறுதி இருப்புக்குப் பொருளில்லை. ஆதலின் திட்டம் தொடங்குமுன்னரே அளத்தல் வேண்டும். துணையில்லை என்று எண்ணுவதுண்டா, ஒதுக்கப்பட்டதாக உணர்வதுண்டா, பிறரிடமிருந்து பிரிந்து தனித்திருப்பதாகத் தோன்றுவதுண்டா என்னும் மூன்று வினாக்களை ஆய்வாளர் 2004 முதல் கையாளுகின்றனர். அரிதாக எனில் 1, சில வேளை எனில் 2, அடிக்கடி எனில் 3. கூட்டுத்தொகை 3 முதல் 9 வரை வரும்; மிகுந்தால் தனிமை மிகுதி. ஆறு திங்கள் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். பழகிய இளைஞரே கேட்டால், முதியவர் அன்பின் காரணமாகக் குறை கூறார். வேறொருவர் கேட்பதே முறை.

2. ஒப்பிடும் பிரிவு. நலமுள்ளவரே நிகழ்ச்சிக்கு வருவர், நலிந்தவர் வீட்டிலிருப்பர். வந்தவரை மட்டும் நோக்கினால் கணக்குப் பிழைபடும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இதற்கு வழி கண்டனர். 60 வயது கடந்த 702 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வாரம் 15 மணி நேரம் தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்கு உதவச் செய்தனர். அவர்களுள் 111 பேரின் மூளையைப் படமெடுத்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பள்ளிக்குச் சென்ற ஆடவரின் மூளை அளவு தேயவில்லை. செல்லாத ஆடவருக்கோ வயதுக்கேற்பத் தேய்ந்திருந்தது. முதுமையில் இருந்தபடி இருத்தலும் இலாபமே. ஒப்பிட ஆளின்றேல் அந்த இலாபம் கண்ணுக்குப் புலப்படாது. இடத்துக்கு மிஞ்சி ஆள் விரும்பினால், நாமும் சீட்டுக் குலுக்கி, எஞ்சியோரை அடுத்த அணியில் சேர்த்துக்கொள்ளலாம். எவருக்கும் அநீதி இல்லை.

3. இருபுறக் கணக்கு. முதியவரின் மகிழ்ச்சியை மட்டும் எழுதுவது பாதிக் கணக்கு. சின்னாளபட்டித் தறியில் அமரும் இளைஞர் அறுந்த இழையைப் பிணைக்க எத்தனை நேரம் கொள்கிறார்? ஒரு சேலையில் எத்தனை பிழை விழுகிறது? ஓராண்டுக்குப் பின்னும் தறியில் இருக்கிறாரா? நிலக்கோட்டைப் பூ விவசாயி சந்தை விலையைத் தாமே கைப்பேசியில் பார்க்கிறாரா? இவற்றை எண்ணால் எழுதலாம்.

4. விலகியோர். இடையில் நின்றவர் பெயரை அடித்துவிடுவது வாராக் கடனை மறைப்பதை ஒக்கும். அவர் ஏன் நின்றார் என்று வீடு சென்று கேட்க வேண்டும். தொலைவோ, நோயோ, கூலி இழப்போ, இளைஞரின் பொறுமையின்மையோ, காரணம் தெரிந்தால்தான் திட்டம் திருந்தும்.

இத்தனைக்கும் வேண்டுவது ஒரு குறிப்பேடும் உண்மையுள்ள ஓர் எழுத்தருமே. பயன் இல்லையென்று கணக்குக் காட்டினால் அதனையும் பொதுக்குழுவில் மறையாது படிப்போமாக. சங்கத்தின் பணம் அங்கத்தினரின் வியர்வை. முதியவரின் எஞ்சிய நாட்களோ அதனினும் அரியவை. இரண்டுக்கும் கணக்குக் கூறுவது நம் கடமை.

*உறுப்பினர் ஆராய:* நும் சங்கத்தில் முதியோர்-இளையோர் முயற்சி உண்டா? அதன் தொடக்க இருப்பு எந்த ஏட்டில் எழுதப்பட்டுள்ளது?